ஆலன் டூரிங்: மன்னிப்பு அளித்தவர்களும் கேட்டவர்களும்

கோவையை அடுத்த போத்தனூரில் 1881-இல் பிறந்த எத்தெல் சாரா ஸ்டோனி, எழுபது வயதைக் கடந்த பிறகு ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய தந்தை மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். கணவர் ஜூலியஸ் டூரிங் மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. மூத்த மகன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தார். இளைய மகன் ஆலன் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார். பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தின் தென்கரையில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் குடும்பத்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மீண்டும் கப்பலேறினார்கள். 1959-இல் வெளிவந்த அந்தப் புத்தகம், அப்படி விலகியிருந்து வளர்ந்து கணிதவியலாளரான இளைய மகனைப் பற்றியது. மகன் இறந்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

தாய் எழுதிய வரலாற்றில் இரண்டு இடங்கள் வெற்றாகக் கிடக்கின்றன. ஒன்று போர். இரண்டாம் உலகப்போரில் மகன் என்ன வேலை பார்த்தான் என்பது அரசு இரகசியம், பெற்றவளுக்கே தெரியாது. மற்றொன்று தன்பாலீர்ப்புக்காக மகன் மேல் 1952-இல் நடந்த வழக்கு. அது அவருக்குத் தெரியும், ஆனாலும் எழுதவில்லை. மகன் தற்கொலை செய்துகொண்டதாக விசாரணை அதிகாரி சொன்னதையும் அவர் ஏற்கவில்லை. வீட்டிலேயே வேதியியல் சோதனைகள் செய்துவந்தவனின் கையில் தற்செயலாக சயனைடு பட்டிருக்கும் என்றே கடைசிவரை நம்பினார்.

பிறகு வந்த நாடகமும் நாவலும் சினிமாவும் இந்த இரண்டு வெற்றிடங்களைத்தான் நிரப்பின. எதைக் கொண்டு நிரப்பின என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. வரலாற்றுப் படங்களைப் பற்றிப் பேசும்போது ‘இது உண்மையா, கற்பனையா’ என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். கற்பனை இல்லாமல் கதை இல்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: புகுத்தப்பட்ட கற்பனை யார் தலையில் குற்றத்தைக் கொண்டுபோய் வைக்கிறது?

முதலில் நடந்தது என்ன என்பதைப் பார்த்துவிடலாம். ஜெர்மன் படைகள் தங்கள் செய்திகளை எனிக்மா என்ற பொறியில் மறைகுறியாக்கி வானொலியில் அனுப்பின. அதை முதலில் உடைத்தவர்கள் ஆங்கிலேயர்கள் அல்லர். 1932-இன் இறுதியிலேயே போலந்தின் மரியான் ரெயெவ்ஸ்கி என்ற இளம் கணிதவியலாளர் பொறியின் உள்கம்பி அமைப்பைக் கணிதத்தைக் கொண்டு கண்டுபிடித்தார். யெர்ஸி ரூஜித்ஸ்கி, ஹென்ரிக் ஸிகால்ஸ்கி இருவரும் அவருடன் உழைத்தவர்கள். ஹிட்லரின் படை உள்ளே நுழைய ஐந்து வாரங்களே இருந்த நிலையில், 1939 ஜூலை மாதம் வார்சாவுக்கு அருகிலுள்ள பிரி காட்டில் வைத்து, தாங்கள் ஆறரை ஆண்டுகளாகச் சேர்த்த அத்தனையையும் பிரிட்டிஷ், பிரெஞ்சு அதிகாரிகளிடம் அவர்கள் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கட்டிய ‘போம்பா’ என்ற பொறியின் பெயர்தான் பிரிட்டிஷ் பொறிக்கு ‘பாம்ப்’ என்று ஒட்டிக்கொண்டது.

ஆனால் டூரிங் வடிவமைத்த பாம்ப் வேறு வழியில் இயங்கியது. எனிக்மாவில் ஓர் எழுத்து ஒருபோதும் அதே எழுத்தாக வெளிவராது. ஜெர்மானியர்கள் அன்றாடம் அனுப்பும் வானிலைச் செய்தி போன்றவற்றில் இன்ன சொல் வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அந்த ஊகத்தை வைத்து, பொறியின் உருளைகள் எந்தெந்த நிலையில் இருந்திருக்கவே முடியாது என்று முரண்களைக் காட்டிக் கழித்துக்கொண்டே போனால், மிஞ்சுபவை கையால் சரிபார்க்கும் அளவுக்குக் குறைந்துவிடும். முதல் பொறி 1940 மார்ச்சில் பிரிட்டனின் குறிமுறிப்பு மையமான பிளெட்ச்லி பார்க் வந்து சேர்ந்தது. அதற்கு ‘விக்டரி’ என்று பெயர். கார்டன் வெல்ச்மன் என்ற கணிதவியலாளர் சேர்த்த மூலைவிட்டப் பலகைதான் அடுத்து வந்த பொறிகளின் வேகத்தைப் பலமடங்காக்கியது. ஹெரால்டு கீன் என்ற பொறியாளர் லெட்ச்வொர்த் நகரத்துத் தொழிற்சாலையில் அவற்றைக் கட்டினார். ஏழடி அகலமும் ஏறக்குறைய ஒரு டன் எடையும் கொண்ட அந்தப் பொறிகள் போர் முடியும்போது 200-க்கு மேல் இருந்தன. இரவு பகலாக அவற்றை இயக்கியவர்கள் பெரும்பாலும் கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். போரின் கடைசிக் கட்டத்தில் பிளெட்ச்லியில் வேலை செய்த சுமார் 9,000 பேரில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள்.

இவ்வளவு பேர் சேர்ந்து செய்த வேலை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்தது. கணவனிடம் மனைவியும் மனைவியிடம் கணவனும் சொல்லவில்லை. 1974-இல் வின்டர்பாதம் என்ற முன்னாள் உளவுத்துறை அதிகாரி எழுதிய புத்தகம்தான் கதவைத் திறந்தது. கதவு திறந்ததும் பொதுப்பண்பாடு உள்ளே போய் எடுத்துக்கொண்டது போரை மட்டுமே. போலந்துக்காரர்களையும் பெண்களையும் டூரிங்கையும் அது அங்கேயே விட்டுவிட்டது.

இதற்கு இரண்டு படங்கள் போதும். 2000-இல் வந்த ஹாலிவுட் படமான ‘யு-571’, ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து எனிக்மா பொறியைக் கைப்பற்றியவர்கள் அமெரிக்க மாலுமிகள் என்றது. உண்மையில் 1941 மே மாதம் யு-110 என்ற நீர்மூழ்கியிலிருந்து பொறியை எடுத்தது பிரிட்டனின் ‘புல்டாக்’ கப்பல். அமெரிக்கா போரில் இறங்கவே அப்போது இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. 1942 அக்டோபரில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559-க்குள் இறங்கிக் குறியீட்டு ஏடுகளை எடுத்துக் கொடுத்துவிட்டு அதனோடு கடலுக்குள் போனவர்கள் டோனி ஃபாசன், காலின் கிரேசியர் என்ற இரண்டு பிரிட்டிஷ் மாலுமிகள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தப் படத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, அன்றைய பிரதமர் டோனி பிளேர் அது அந்த மாலுமிகளுக்கு இழைத்த அவமதிப்பு என்பதை ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு, ராபர்ட் ஹாரிஸின் நாவலை வைத்து மைக்கேல் ஆப்டெட் இயக்கிய ‘எனிக்மா’ வந்தது. பிளெட்ச்லிதான் களம், ஆனால் டூரிங் இல்லை. ஒரு பெண்ணை இழந்த ஏக்கத்தில் உழலும் கற்பனைக் கணித மேதை ஒருவர் நாயகனாக இருந்தார். போலந்துக்காரர் ஒருவர் வந்தார், துரோகியாக. முதல் சாவியைக் கொண்டுவந்து கையில் கொடுத்த நாட்டுக்கு அந்தப் படம் தந்த இடம் அதுதான். இதைக் கலைச் சுதந்திரம் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

தாயின் புத்தகம் விட்ட மற்றொரு வெற்றிடத்தை நிரப்பியவர் ஆண்ட்ரூ ஹாட்ஜஸ். அவரும் கணிதவியலாளர், தன்பாலீர்ப்பாளர் உரிமை இயக்கத்தில் பங்கெடுத்தவர். 1983-இல் அவர் எழுதிய பெரிய வாழ்க்கை வரலாறுதான் டூரிங்கின் கணிதத்தையும் போர்ப்பணியையும் காதலையும் ஒரே உடலில் நடந்தவையாகச் சேர்த்துச் சொன்னது. அதை ஒட்டி ஹியூ வைட்மோர் எழுதிய ‘பிரேக்கிங் த கோட்’ நாடகம் 1986-இல் லண்டனில் மேடையேறியது. டெரெக் ஜேகோபி டூரிங்காக நடித்தார். எய்ட்ஸ் அச்சம் உச்சத்தில் இருந்த காலம் அது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்ற சட்டத்தை தாட்சர் அரசு 1988-இல் கொண்டுவரவிருந்தது. அந்தச் சூழலில், வெட்கப்படாத ஒரு தன்பாலீர்ப்பாளரை அந்த நாடகம் நடுமேடையில் நிறுத்தியது. டூரிங் கதையைச் சொன்ன படைப்புகளில் இன்றும் நேர்மையானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

2014-இல் மார்ட்டன் டில்டம் இயக்கத்தில் பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடித்த ‘தி இமிட்டேஷன் கேம்’ வந்தது. உலகெங்கும் 23 கோடி டாலருக்கு மேல் வசூல். எட்டு ஆஸ்கர் பரிந்துரைகள். தழுவல் திரைக்கதைக்கான விருது கிரகாம் மூருக்கு. டூரிங் என்ற பெயரைப் பல கோடிப் பேர் இந்தப் படத்தின் வழியேதான் முதன்முதலில் கேட்டார்கள். அந்த நன்றியை மறைக்கக் கூடாது. ஒரு தன்பாலீர்ப்பாளரின் வாழ்க்கையைப் பெரிய நட்சத்திரத்தை வைத்து, குடும்பங்கள் சேர்ந்து பார்க்கும் படமாக எடுப்பது எளிதல்ல.

படத்தில் உள்ள பல கற்பனைகள் எனக்குப் பொருட்டில்லை. பொறிக்கு ‘கிறிஸ்டோபர்’ என்று, பள்ளிநாளில் டூரிங் நேசித்து 1930-இல் காசநோய்க்குப் பறிகொடுத்த கிறிஸ்டோபர் மார்கமின் பெயரை வைத்தார்கள். நடக்காத ஒன்றுதான், ஆனால் அந்த இழப்பின் ஆழத்தைக் காட்ட ஒரு கலைஞன் கண்டுபிடித்த வழி. நூற்றுக்கணக்கான பொறிகளை ஒன்றாகவும், ஆயிரக்கணக்கான ஆட்களை ஐந்தாறு பேராகவும் சுருக்கியதைக்கூட இரண்டு மணி நேரப் படத்தின் தேவை என்று விட்டுவிடலாம். மூழ்கப்போகும் கப்பலைக் காப்பாற்றுவதா வேண்டாமா என்று அந்த ஐந்தாறு பேரே மேசையைச் சுற்றி நின்று தீர்மானிக்கும் காட்சியை அப்படி விட முடியாது. அத்தகைய முடிவுகள் அவர்கள் கையில் இருந்ததே இல்லை. உடைத்த செய்திகள் கடற்படைத் தலைமையகத்துக்குப் போயின; கப்பல் கூட்டங்களின் தடத்தை மாற்றியது அந்தத் தலைமையகம்.

எல்லாவற்றையும்விட மோசமான கற்பனை ஒன்று உண்டு. ஜான் கெய்ர்ன்கிராஸ் என்ற சோவியத் உளவாளி பிளெட்ச்லியில் வேலை பார்த்தது உண்மை. ஆனால் வேறொரு பிரிவில். டூரிங்குக்கும் அவருக்கும் பழக்கம் இருந்ததற்கே சான்றில்லை. படம் அவரை டூரிங்கின் குழுவில் சேர்த்து, டூரிங் அவரைக் கண்டுபிடிப்பதாகவும், ‘உன் இரகசியத்தைச் சொல்லிவிடுவேன்’ என்று அவர் மிரட்டியதும் டூரிங் வாயை மூடிக்கொள்வதாகவும் காட்டுகிறது. திரைக்கதைக்கு ஒரு திருப்பம் கிடைத்துவிட்டது. ஆனால் போர்க்காலத்தில் அயல்நாட்டு உளவாளியைத் தெரிந்தே மறைப்பது தேசத்துரோகம். டூரிங் வாழ்நாளில் செய்யாத அந்தக் குற்றத்தை, அவரைக் கொண்டாடவென்று எடுத்த படமே அவர் மேல் சுமத்துகிறது.

இது வெறும் பிழையல்ல. 1951-இல் பர்ஜஸ், மக்லீன் என்ற இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் மாஸ்கோவுக்குத் தப்பியோடினார்கள், பர்ஜஸ் தன்பாலீர்ப்பாளர். அதற்குப் பிறகு அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஒரு வாதம் அரசுக் கொள்கையாகவே வளர்ந்தது: தன்பாலீர்ப்பாளருக்கு மறைக்க வேண்டிய இரகசியம் இருக்கிறது, ஆகவே அவரை மிரட்டலாம், ஆகவே அவர் நாட்டுக்கு ஆபத்து. 1953-இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் பிறப்பித்த ஆணை ஆயிரக்கணக்கானோரின் அரசுப் பணியைப் பறித்தது. டூரிங்கின் இரகசியப் பணிக்கான அனுமதி பறிபோனதும் இதே சந்தேகத்தால்தான். இந்த வாதம் பொய் என்பதற்கு டூரிங்கின் வாழ்க்கையே சாட்சி. அவர் இறக்கும்வரை பிளெட்ச்லியைப் பற்றி வெளியில் ஒரு சொல் சொல்லவில்லை. படம் அந்தச் சாட்சியைத் திருப்பி, அவரைத் தண்டித்தவர்களின் பக்கம் சாட்சி சொல்ல வைத்துவிட்டது.

அவர் மாட்டிக்கொண்ட விதமும் படத்தில் மாறிவிட்டது. உளவாளியோ என்று சந்தேகித்த துப்பறிவாளர் ஒருவர் மோப்பம் பிடித்து வருகிறார் என்கிறது படம். நடந்தது இது: 1952 ஜனவரியில் மான்செஸ்டரை ஒட்டிய வில்ம்ஸ்லோவில் டூரிங்கின் வீட்டில் திருட்டுப் போனது. அவருடன் பழகிய 19 வயது இளைஞன் ஒருவனின் கூட்டாளிதான் திருடன் என்று தெரியவந்தது. புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்குப் போனவர் டூரிங்தான். பெயர் எப்படித் தெரியும் என்று காவலர்கள் துருவியபோது அந்த உறவை ஒப்புக்கொண்டு ஐந்து பக்க வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். அதில் வருத்தத்தின் நிழலே இல்லை. 1895-இல் ஆஸ்கர் வைல்டைச் சிறைக்கு அனுப்பிய அதே 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் வழக்கு. நீதிமன்றத்தில், பிளெட்ச்லியில் உடன் உழைத்த ஹியூ அலெக்சாண்டரும் மேக்ஸ் நியூமனும் அவருக்காகச் சாட்சி சொல்ல வந்தார்கள். சிறையா, ஒரு வருடம் பெண்மைச் சுரப்பு மருந்தா என்றபோது மருந்தைத் தேர்ந்தார்.

படத்தில் இதன் பிறகு நாம் பார்ப்பது ஒரு சிதைந்த மனிதர். கை நடுங்குகிறது, குறுக்கெழுத்துப் புதிர்கூட ஓடவில்லை, பொறியைப் பிரிய அஞ்சி அழுகிறார். உண்மையான டூரிங்கின் உடலை அந்த மருந்து வதைத்தது, மார்பு பருத்தது. அந்தக் கொடுமையைக் குறைத்துச் சொல்ல நான் யாரும் இல்லை. ஆனால் அதே ஆண்டுகளில்தான் விலங்குகளின் தோலில் புள்ளியும் வரியும் எப்படி உருவாகின்றன என்பதற்கு வேதிச்சமன்பாடுகள் எழுதி, உயிரியலில் ஒரு புதுத்துறையையே தொடங்கிவைத்தார். அந்தக் கட்டுரை 1952 ஆகஸ்டில் வெளியானது. அதே கோடையில் நார்வேக்குப் போய்வந்தார், நார்வேஜிய மொழி படித்தார், நண்பர்களுக்கு வேடிக்கையான கடிதங்கள் எழுதினார். மருந்து 1953 ஏப்ரலில் நின்றது. 1954 ஜூன் 7 அன்று இறந்தார். படுக்கைக்கு அருகில் பாதி தின்ற ஆப்பிள் இருந்தது. அதில் சயனைடு இருந்ததா என்று யாரும் சோதிக்கவே இல்லை. ஆனாலும் அந்த ஆப்பிள் எல்லாக் கதைகளிலும் நஞ்சூறியே வருகிறது. மான்செஸ்டரில் 2001-இல் வைத்த சிலையின் கையில்கூட ஆப்பிள்தான். தாய் நம்பிய விபத்தா, விசாரணை சொன்ன தற்கொலையா என்பதில் ஜாக் கோப்லண்ட் போன்ற ஆய்வாளர்கள் இன்னமும் ஐயம் எழுப்புகிறார்கள். கதைகளுக்கு அந்த ஐயம் உதவாது. தன்பாலீர்ப்பாளரின் வாழ்க்கை கண்ணீரில் முடிந்தால்தான் பார்வையாளர் இரங்குவார் என்று கதை சொல்பவர்கள் நெடுங்காலமாக நம்பிவந்திருக்கிறார்கள்.

பிளெட்ச்லியில் டூரிங்குடன் உழைத்த ஜோன் கிளார்க்கும் படத்தில் இப்படித்தான் சுருங்கிப்போனார். கேம்பிரிட்ஜ் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர். 1944-இல் டூரிங்கின் பழைய பிரிவான எட்டாம் எண் கொட்டகையின் துணைத்தலைவர். பெண் குறிமுறிப்பாளருக்கு உயர்ந்த பதவிநிலை இல்லாததால், அயல்மொழி தெரியாத அவரை ‘மொழியாளர்’ என்று பதிவு செய்துதான் ஊதியத்தை உயர்த்த முடிந்தது. 1941-இல் டூரிங் அவரை மணக்கக் கேட்டார்; சில நாட்களிலேயே தம் ஈர்ப்பு எத்தகையது என்று சொல்லியும்விட்டார். ஜோன் கலங்கவில்லை. சில மாதங்கள் கழித்து டூரிங்தான் இது சரிவராது என்று விலகினார், நட்பு நீடித்தது. இரண்டு பெரியவர்கள் ஒருவரையொருவர் மதித்து நடந்துகொண்ட இந்தக் கதையைப் படம் கோபமும் கன்னத்தில் அறையும் கொண்ட பிரிவாக மாற்றியது. பிளெட்ச்லிப் பெண்களைக் கதைநடுவில் வைத்தது 2012-இல் வந்த ‘தி பிளெட்ச்லி சர்க்கிள்’ என்ற தொலைக்காட்சித் தொடர். போருக்குப் பின் வாய்திறக்க முடியாமல் வீட்டுக்குள் முடங்கிய நால்வர், தங்கள் பழைய திறமையால் ஒரு கொலைகாரனைத் தேடுகிறார்கள். முழுக்கக் கற்பனை, ஆனால் அந்த மௌனத்தின் பாரத்தை அது சரியாகச் சொன்னது.

இன்னொரு கற்பனையும் சொல்லத்தக்கது. இயன் மக்இவன் 2019-இல் எழுதிய ‘மெஷின்ஸ் லைக் மீ’ நாவலில் டூரிங் மருந்தை மறுத்துச் சிறைக்குப் போகிறார், 1980-களிலும் உயிரோடு இருக்கிறார், ஓர் ஆணோடு வாழ்கிறார். நடந்ததற்கு நேர்மாறானது. ஆயினும் இந்தப் பொய் யார் தலையிலும் குற்றத்தை வைக்கவில்லை. அவரிடமிருந்து பறிக்கப்பட்டது எவ்வளவு என்பதை அளந்து காட்டுகிறது.

கதைகளைப் பற்றிப் பேசிவிட்டுச் சட்டத்துக்கு வருவது தாவல் போலத் தெரியலாம். ஆனால் அரசாங்கமும் டூரிங் கதையைத் திருப்பிச் சொல்லியிருக்கிறது, அதுவும் இரண்டு விதமாக. 30,000-க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவுக்குப் பிறகு, 2009 செப்டம்பரில் பிரதமர் கார்டன் பிரவுன் டூரிங்கிடம் மன்னிப்புக் கேட்டார். 2013 டிசம்பர் 24 அன்று அரசி எலிசபெத் டூரிங்குக்கு மன்னிப்பு அளித்தார். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். வினை மட்டும் மாறுகிறது. அந்த வினையில்தான் எல்லாம் இருக்கிறது. கேட்டபோது குற்றவாளி அரசு. அளித்தபோது குற்றவாளி டூரிங். நான்கே ஆண்டுகளில் குற்றம் இடம் மாறிவிட்டது. அரச மன்னிப்புக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது அவருடைய போர்ப்பணி. பற்றுக் கணக்கில் காதலை எழுதி, வரவுக் கணக்கில் எனிக்மாவை வைத்து நேர் செய்தார்கள். எனிக்மாவை உடைக்காத தையல்காரருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் வரவுக் கணக்கில் வைக்க என்ன இருந்தது? டூரிங்கோடு அதே நீதிமன்றத்தில் நின்ற அந்த 19 வயது இளைஞனின் பெயர்கூட அந்த ஆணையில் இல்லை.

2017-இல் ‘டூரிங் சட்டம்’ என்று அழைக்கப்பட்ட ஏற்பாடு, இறந்துபோன சுமார் 49,000 பேருக்கு மன்னிப்பை விரித்தது. உயிரோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராக விண்ணப்பிக்க வேண்டும். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒருவர் அதை ஏற்க மறுத்தார். நான் குற்றம் செய்யவில்லை, எனக்கு மன்னிப்பு வேண்டாம், என்னிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்பதுதான் அவருடைய நிலைப்பாடு. 2021-இல் டூரிங்கின் பிறந்தநாளன்று அவர் முகம் பதித்த 50 பவுண்டு நோட்டு வெளிவந்தது. அந்த நோட்டைவிட அந்த முதியவரின் மறுப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

டூரிங்கின் தந்தை எந்த ஆட்சிக்காக மதராஸ் மாகாணத்தில் உழைத்தாரோ, அதே ஆட்சி 1860-இல் இந்தியாவுக்கு, தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை எழுதிவைத்துவிட்டுப் போனது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், மனமொத்த பெரியவர்களின் உறவுக்கு அது பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அமர்வின் ஐந்து நீதிபதிகளில் ஒருவரான இந்து மல்ஹோத்ரா, இந்த மக்களிடமும் அவர்களின் குடும்பங்களிடமும் வரலாறே மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார். அங்கே வினை சரியாக இருந்தது. டூரிங்கைத் தண்டித்த ஆங்கிலப் பிரிவின் அதே குற்றப்பெயர் கடல்கடந்து இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையிலும் ஏறியது. 1995-இல் அதைத் திருத்தியபோது நீக்கவில்லை. ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘ஆள்’ என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். 365அ என்ற அந்தப் பிரிவின்படி, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் டூரிங்கைப் போல் காதலிப்பது இரண்டு ஆண்டு சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.